காப்புக் கட்டும் வாரத்தில் ஒரு முகாம்

1

போன புதன்கிழமை காலையில் மகளின் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஃபியோனாவின் மின்னஞ்சல் வந்தது. பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்த குழந்தைகளுக்கு வெளிநாடு போய் இலவசமாக ஆபரேஷன் செய்துவிட்டு வருகிற ஒரு குழு இங்கே இருக்கிறது. அதன் ஒருங்கிணைப்பாளர் ஃபியோனா. நான் அதில் தொண்டு செய்யும் நர்ஸ். செய்ய முயன்ற நர்ஸ் என்று சொன்னால் இன்னும் சரி.

"போன வருஷம் பெரம்பலூர் முகாம் அருமையாக நடந்தது. இந்த வருஷமும் அங்கேதான். உள்ளூர்க்காரர் என்ற முறையில் ஐந்து நாள் தேதியை நீங்களே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்."

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளூர்க்காரராம்! போன வருஷமும் இப்படித்தான் கேட்டார். நானும் தலை கிறுகிறுக்கத் தேதி சொன்னேன். சொல்லிவிட்டு நாய் படாத பாடு பட்டேன். அந்தக் கதையை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதி ஆற்றிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூருக்குப் பக்கத்து ஜில்லாவில் இருக்கும் வரதராசன்பேட்டை. நர்சிங் முடித்து, திருச்சியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு அயர்லாந்தில் கார்க் நகரத்துக்கு வந்தேன். வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆபரேஷன் முடிந்த குழந்தைகளை மயக்கம் தெளியும் வரை பார்த்துக்கொள்ளும் அறையில் வேலை. கண் திறக்கும்போது அம்மாவைத் தேடி அலறுகிற எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையால் பிடித்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இது தேவைப்படும்.

2

முகாம் பெரம்பலூரில் என்று முடிவானதும், குழுவில் இருந்த ஐரிஷ் நர்ஸுகள் நால்வரும் இந்தியாவில் தற்காலிகமாக வேலை செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். மூன்றே வாரத்தில் அவர்களுக்கு வந்துவிட்டது. எனக்கு எட்டு மாதம் ஆகியும் வரவில்லை.

அந்த அலுவலகம் எது என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். வெளிநாட்டில் படித்தவருக்கு ஒரு படிவம். நான் படித்தது இந்தியாவில் என்பதால் அது எனக்குச் செல்லாது. உள்நாட்டில் பதிவு செய்தவருக்கு இன்னொரு படிவம். என் பதிவு காலாவதியாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. புதுப்பிக்க இந்தியாவில் குடியிருக்கும் முகவரி வேண்டும். அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். "நீங்க ஐரிஷ் குடியுரிமை வாங்கிட்டீங்க, இப்ப இந்தியக் குடிமகள் இல்லையே மேடம்" என்றார் போனில் ஒருவர். அப்படியானால் முதல் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "அதுக்கு நீங்க வெளிநாட்டுல படிச்சிருக்கணுமே" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியில் ஃபியோனா சமாதானம் செய்தார். மொழிபெயர்ப்பாளராக வாருங்கள் என்றார். நீல நாடாவில் தொங்கும் ஓர் அட்டையில் என் பெயரும் அதற்குக் கீழே 'மொழி உதவி' என்றும் அச்சடித்துத் தந்தார்கள். பிறந்த மண்ணில், நான் படித்த படிப்புக்கு, ஒரு பிள்ளையின் நாடியைக்கூடப் பிடிக்க எனக்கு உரிமை கிடையாது.

என் மகளுக்குப் பதினாறு வயது. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினாள். "அம்மா, அவங்கதான் தொண்டு செய்யப் போறாங்க. நீ உன் வீட்டுக்குத்தானே போற? அதுக்கு எதுக்குக் கழுத்துல அட்டை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளிடம் நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுமாக எங்கள் குடும்பம் ஓடுகிறது. அன்று நான் அந்த அட்டையைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தேன்.

3

இனி தேதி குறித்த லட்சணம். மே மாதத்தில் ஏதாவது ஐந்து நாள் என்றார் ஃபியோனா. காலண்டரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஈஸ்டர் தாண்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மாதா கோயில் தேர்கள் குறுக்கே வரக் கூடாது. பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை கூடாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தையல் ஆறியிருக்க வேண்டும். எல்லாம் பார்த்து வைகாசி பிறந்த மறு வாரத்தில் ஐந்து நாளைப் பொறுக்கி எடுத்தேன். இவ்வளவு நுணுக்கமாக யாரும் யோசித்ததில்லை என்று ஃபியோனா பாராட்டி எழுதினார்.

நுணுக்கமாம். கிறிஸ்தவ வீட்டு வேதக்காரியான நான் வேதக்காரர் காலண்டரை மட்டும் பார்த்திருக்கிறேன். வைகாசியில் பெரம்பலூர் ஜில்லாவில் எத்தனை மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டுவார்கள்! தெரியாதா எனக்கு? எங்களுக்குக் கொடியேற்றம் என்றால் அவர்களுக்குக் காப்பு என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள்தானே.

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாத் தொடக்கமாக அம்மனுக்கும் பூசாரிக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிற யாரும் விழா முடியும் வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். காப்புக் கட்டும்போது ஊரிலேயே இல்லாதவருக்கு இந்தக் கட்டு கிடையாது.

4

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்துத் தேர்வு செய்தார்கள். வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊரிலிருந்து மகேஸ்வரி என்ற பெண் தன் மகளோடு வந்திருந்தாள். மகள் தர்ஷினிக்கு நாலு வயது. உதட்டைக் கைக்குழந்தையாக இருந்தபோதே தைத்துவிட்டார்கள். அண்ணம் பிளந்தே கிடந்தது. பால் குடித்தால் பாதி மூக்கு வழியாக வரும். பேசுவதெல்லாம் மூக்கில் போய்விடும். அம்மாவைத் தவிர யாருக்கும் புரியாது. அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்ததில், ஆறு மாதமாக வெளியாட்கள் முன்னால் வாயே திறப்பதில்லை. புறங்கையால் வாயை மூடியபடியே என்னைப் பார்த்தாள்.

டாக்டர் பார்த்தார். புதன்கிழமை ஆபரேஷன், செவ்வாய் இரவே சேர்க்க வேண்டும், சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். நான் மொழிபெயர்த்தேன். மகேஸ்வரியின் முகம் விழுந்துவிட்டது.

"செவ்வாக்கெழம சாயங்காலம் எங்க ஊர்ல காப்புக் கட்டுறாங்களே சிஸ்டர். ராத்தங்க முடியாதே."

"அடுத்த வாரம் இவங்க யாரும் இங்க இருக்க மாட்டாங்கம்மா."

"அப்ப அடுத்த வருசம் பாத்துக்கலாமா?"

"வருவாங்களான்னே தெரியாது. இப்பவே லேட்டு. பேச்சுப் பழகுற வயசு போயிட்டா அப்புறம் தைச்சும் முழுசா சரியாகாது."

"நான் தீ மிதிக்கிறேன்னு வேண்டியிருக்கேன் சிஸ்டர். இவ வாய் சரியாகணும்னுதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிள்ளை வாய்க்காக வேண்டிக்கொண்ட வேண்டுதலே பிள்ளை வாய்க்குக் குறுக்கே நிற்கிறது. பொறுமை போய்க் கத்திவிட்டேன். "அம்மன்தான் டாக்டரை அனுப்பியிருக்குன்னு நெனச்சுக்கக் கூடாதா?"

அவள் அமைதியாகச் சொன்னாள். "அம்மன் அனுப்பியிருந்தா தேதி பாத்து அனுப்பியிருக்குமே சிஸ்டர்."

தேதி நான் பார்த்தது. மற்ற ஊர்களில் விழா முந்தியோ பிந்தியோ இருந்ததால் பிழைத்தோம். மாட்டியது இவள் ஊர்தான். பக்கத்தில் நின்ற ஃபியோனா, ஐந்து நிமிஷம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். தேதி சரியில்லை என்கிறார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

5

அன்று மாலை அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் வேப்பந்தட்டைப் பக்கம் பதினைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவர். டீ டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, வைகாசியில எவனாச்சும் கேம்ப் வைப்பானா?"

"வெச்சாச்சுண்ணே. இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லுங்க."

"காப்புக்கு முன்னாடி புள்ளைய வெளிய எடுத்துட்டு வந்துட வேண்டியதுதான். வெளியூர்ல வேலை பாக்குறவன்லாம் அப்படித்தான் முன்கூட்டியே மூட்டையக் கட்டிட்டுக் கெளம்பிடுவான். காப்புக் கட்டுறப்ப புள்ள ஊர்ல இல்ல, அவ்வளவுதானே?"

இருபத்திரண்டு வருஷம் இங்கே கழித்த மண்டைக்கு இது எட்டவில்லை பாருங்கள். மகேஸ்வரிக்குப் போன் போட்டேன். பூசாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவள், திங்கட்கிழமை காலை நேரிலேயே வந்து நின்றாள். பிள்ளை வரலாம். அவள் தீ மிதிப்பதால் காப்புக்கு ஊரில் இருந்தே ஆக வேண்டும். மறுநாளிலிருந்து பகலில் வந்து பார்த்துக்கொள்ளலாம், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், போனதும் தலைக்குக் குளிக்க வேண்டும், பிரசவ வார்டுப் பக்கம் மட்டும் காலே வைக்கக் கூடாது. இத்தனை நிபந்தனை.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் பிரசவ வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்பக்கம் சமையல்கட்டு வழியாக ஒரு பாதை இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

சரி, இரவில் பிள்ளையோடு யார்? குழந்தைக்குத் துணையாகச் சொந்தக்காரப் பெண் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. மகேஸ்வரியின் கணவர் மஸ்கட்டில் டிரைவர். மாமியார், நாத்தனார் எல்லோரும் காப்புக்குள். தாய் இல்லை. திருப்பூரில் இருக்கும் தங்கைக்கு நிறைமாதம். ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்லிவிட்டு அவள் என்னையே பார்த்தாள்.

துணைக்கு இருப்பவருக்கு அட்டெண்டர் பாஸ் தருகிற ஜன்னலுக்குப் போனோம். உள்ளே இருந்தவர் என் பெயரை எழுதிக்கொண்டு, "உறவு?" என்றார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

"தெரிஞ்சவங்கன்னுலாம் போட முடியாதுங்க."

"பெரியம்மான்னு போடுங்க சார். எங்க அக்கா" என்றாள் மகேஸ்வரி.

அவர் என் பெயரை இன்னொரு முறை படித்தார். "ஸ்டெல்லா மேரி. உங்க அக்கா?"

"ஆமா சார். லவ் மேரேஜ். வேதத்துல சேந்துட்டாங்க" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்பா பார்த்து, பங்குச் சாமியார் விசாரித்து, மூன்று வாரம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நடந்த கல்யாணம் என்னுடையது. அதற்குள் ஜன்னல்காரர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

6

அந்தப் பாஸை ஃபியோனா பார்த்துவிட்டார். நோயாளிக்கு உறவு என்று கையெழுத்துப் போட்டவர் குழுவில் இருக்க முடியாதாம். நாளை ஏதாவது நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னது தப்பில்லை. கார்க்கில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எட்டு மாதம் ஏறி இறங்கி வாங்கிய 'மொழி உதவி' அட்டையை நீல நாடாவோடு கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். வைக்கும்போது மெதுவாக வைக்கவில்லை. அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. நர்ஸாக வரக் கிளம்பி, மொழிபெயர்ப்பாளராக இறங்கி, கடைசியில் பாயும் பிளாஸ்க்கும் தூக்குகிற அட்டெண்டர் ஆனேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அண்ணன் காரில் போனோம். ஊர் எல்லையில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரி மஞ்சள் சேலையில் பிள்ளையோடு நின்றாள். தர்ஷினி அம்மாவின் முந்தானையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"ஒருக்களிச்சுத்தான் படுப்பா. தண்ணி வேணும்னா வாய்வுட்டுக் கேக்க மாட்டா, மூக்கத் தொட்டுக் காட்டுவா" என்றாள் மகேஸ்வரி. பிறகு என் கையைப் பிடித்தாள். "பெரியம்மான்னு எழுதிக் குடுத்துருக்கேன். பாத்துக்குங்க."

வண்டி மெயின் ரோட்டில் ஏறும்போது பின்னால் தப்புச் சத்தம் கிளம்பியது. காருக்குள் பிள்ளை சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு வந்தாள்.

7

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளியும் அறைக் கதவு வரைதான் எனக்கு அனுமதி. உள்ளே என் கூட்டாளி நர்ஸ் அவளைப் பார்த்துக்கொண்டாள். நான் வெளியே மர பெஞ்சில் மகேஸ்வரியோடு உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொரு நிமிஷமும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வெளியே உட்காருவது தெரியாமல் உட்காருவதைவிடக் கொடுமை. எத்தனையோ தாய்களிடம் "பயப்படாதீங்க, உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறேன். இனி அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன்.

மகேஸ்வரியின் கையில் மஞ்சள் கிழங்கு கட்டிய காப்பு. மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது, கிருமி என்றார் வார்டு சிஸ்டர். அவிழ்க்க முடியாது என்றாள் இவள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்திரியை ஒட்டி, ஓரத்தை நன்றாக அழுத்திவிட்டேன். அந்த முகாமில் நான் கட்டிய ஒரே கட்டு அதுதான்.

பிள்ளை வாய்க்குள் விரல் விடாதபடி முழங்கை மடங்காமல் இரண்டு கையிலும் அட்டை கட்டியிருந்தார்கள். நாலரை பஸ்ஸுக்கு மகேஸ்வரி கிளம்பிப் போனாள். அப்புறம் இருபத்து மூன்று வயது டியூட்டி சிஸ்டர் வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். "அம்மா, புள்ளைய மல்லாக்கப் போடக் கூடாது. ரத்தம் வந்தா என்னைக் கூப்பிடணும், நீங்களா எதுவும் செய்யக் கூடாது. வெளங்குதா?"

"விளங்குதும்மா. சாரி, தேங்க்ஸ்" என்றேன்.

"சும்மா சும்மா சாரி, தேங்க்ஸ்னு சொல்லாதீங்கம்மா. ஒரு மாதிரி இருக்கு" என்றாள் போகும்போது. என் வயசுக்கு அது எனக்குத் தேவைதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மகேஸ்வரி வந்து இறங்கினாள். ஆறவைத்த பாலை ஸ்பூனில் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு ஸ்பூன் கொடுத்தாள். உடனே அவளுடைய இடது கை முந்தானையோடு பிள்ளையின் மூக்குக்குக் கீழே போனது. துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை. இரண்டாவது ஸ்பூனுக்கும் கை தானாகப் போனது. மூன்றாவதுக்கும் போனது. நாலு வருஷப் பழக்கம். டம்ளர் காலியாகும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முந்தானையை விரித்துப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. அதைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

8

கோபம் திரும்பி வர ஒரு வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்.

தர்ஷினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பேச்சில் முக்கால்வாசி புரிகிறது. ஆனால் அண்ணத்தில் நடுவே சின்ன ஓட்டை ஒன்று தையல் சேராமல் நின்றுவிட்டது. சில பிள்ளைகளுக்கு அப்படி ஆவதுண்டு. இந்த முகாமில் அதை அடைத்தே ஆக வேண்டும். ஆகவே தேதியில் இன்னொரு முறை கோட்டைவிட முடியாது.

மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு நான் முணுமுணுப்பதைக் கேட்டு, காப்பு என்றால் என்ன என்றாள் மகள். விரதம், கயிறு, எல்லை என்று ஆங்கிலத்தில் தடுமாறினேன். அவள் சட்டென்று, "ஓ, ஊரே சேர்ந்து போடுற லாக்டவுனா? அதுக்கு முன்னாடி வெளியே வந்துட்டா தப்பிக்கலாம். சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போன வருஷம் நான் ஒரு பகல் முழுக்க முட்டிக்கொண்டது அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

மகேஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"இந்த வருசம் காப்பு எப்ப மகேசு?"

"இன்னும் ஊர்க்கூட்டமே போடலியே பெரியம்மா." மகளுக்காக எழுதிக்கொடுத்த முறையை அவளும் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"கூட்டம் எப்ப போடுவாங்க?"

"பூசாரி சொல்லணும்."

"பூசாரி எப்ப சொல்லுவாரு?"

"அவரு மக வூட்டுக்குப் போயிருக்காரு. வரணும்."

"எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள தேதி வேணும்டி!"

"சும்மா கத்தாதீங்க பெரியம்மா. இந்தத் தடவ நானே பாத்துச் சொல்றேன். நீங்க பாத்தா வெளங்காது." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். வர்றப்ப எங்க வூட்லதான் தங்கணும். காப்புக்கு முன்னாடி வந்து எறங்கிட்டீங்கன்னா அப்புறம் உங்களுக்கும் கட்டுதான். தீமிதி முடியாம ஊரை வுட்டு அனுப்ப மாட்டோம். யோசிச்சு டிக்கெட் போடுங்க."

போனை வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் இறங்கிய ஒவ்வொரு விமான நிலையத்திலும், நிரப்பிய ஒவ்வொரு படிவத்திலும் எப்போது திரும்பிப் போவீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அண்ணன்கூட வாசலில் வரவேற்கும்போதே "எத்தனை நாள் லீவு?" என்பார். போகக் கூடாது என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

சாயங்காலம் டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்தேன். திரும்பும் தேதியைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது அந்த இணையதளம். மூன்று தடவை முயன்று பார்த்தேன். சிவப்பு எழுத்தில் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. போடி என்று மூடினேன். இன்னும் ஊர்க்கூட்டம் போடவில்லை, பொறுங்கள் என்று ஃபியோனாவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பிறகு பூசாரி வந்துவிட்டாரா என்று கேட்க மகேஸ்வரிக்கு மறுபடியும் போன் போட்டேன்.